கைரேகை பார்த்த குழந்தை வைத்தியர்



சில மாதங்களுக்கு முன் பாண்டிருப்பில் ஒரு வீட்டுக்குச் செபிக்கச் சென்றிருந்தேன். கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையில் உள்ள சிறிய கல்வீடு. தகப்பன் கரைவலைத் தொழிலாளி. செபம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்த வேளையில் உள்ளறைக் கதவு மெல்லத் திறந்தது. ஏழு வயது மதிக்கத்தக்க ஒரு சிறுவன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். தாய் விரைந்து எழுந்து கதவைச் சாத்திவிட்டாள்.

"அவன் ஒரு மாதிரிப் பிள்ளை சுவாமி. ஆக்கள் வந்தா வெளியில விடுறல்ல" என்றாள். பிறகு அவளாகவே சொன்னாள்: "வயித்தில இருக்கக்குள்ள நான் கிரகணத்தில வெளிய போனதாலதான் இப்படி எண்டு மாமி சொல்றா. நான் என்ன பாவம் செஞ்சனோ தெரியா சுவாமி."

அந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டிருந்தது. அதற்குப் பிறகு அவன் கோயில் வாசலை மிதித்ததே இல்லை. அன்று அந்தத் தாய்க்கு ஆறுதலாகச் சில வார்த்தைகள் சொன்னேன். ஆனால் அவளுடைய கேள்விக்கு ஒழுங்கான விடை ஒன்று உண்டு. அந்த விடையைத் தேடித் தந்தவர்களுள் ஒருவர் பிரான்ஸ் நாட்டுக் குழந்தை வைத்தியரான ஜெரோம் லெஜூன். அவருடைய வாழ்வையும் பணியையும் இவ்வாரம் உங்களோடு சேர்ந்து படிக்க விரும்புகிறேன்.

பழி சுமந்த பெற்றோர்

அந்தச் சிறுவனுக்கு உள்ள நிலையை இன்று டவுன் சிண்ட்ரோம் என்கிறோம். 1866ஆம் ஆண்டில் ஜோன் லாங்டன் டவுன் என்ற ஆங்கில வைத்தியர் இதனை முதன்முதலில் விரிவாக எழுதி வைத்தார். சற்று மேல்நோக்கிச் சாய்ந்த கண்கள், தட்டையான முகம், தளர்ந்த தசைகள், மெதுவான அறிவு வளர்ச்சி ஆகியவற்றைக் கண்ட அவர், இப்பிள்ளைகள் மொங்கோலிய இனத்தவரை ஒத்திருப்பதாக எண்ணி அந்த இனத்தின் பெயரையே இந்நிலைக்குச் சூட்டிவிட்டார். பெயரும் பிழை, கருத்தும் பிழை. ஆயினும் நூறு ஆண்டுகளாக அந்தப் பெயரே உலகில் வழங்கியது.

காரணம் எவருக்கும் தெரியாதிருந்தபடியால் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். நம்மூரில் கிரகணம், செய்வினை, முன்னோர் பாவம் என்று சொல்கிறோம் அல்லவா? படித்த மேல்நாடுகளிலும் பெற்றோரின் குடிப்பழக்கம் காரணம் என்றார்கள்; மேக நோய் காரணம் என்றார்கள். இதனால் பிள்ளையின் பாரத்தோடு அவமானத்தின் பாரத்தையும் பெற்றோர் சுமக்க வேண்டியதாயிற்று. பிள்ளைகளை வீட்டின் பின்னறையில் மறைத்து வைத்த குடும்பங்கள் பாரிஸ் நகரிலும் இருந்தன; பாண்டிருப்பில் மட்டும் என்று எண்ணிவிட வேண்டாம்.

நாட்டுப்புற வைத்தியராக விரும்பியவர்

ஜெரோம் லெஜூன் 1926ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள், பாரிஸுக்கு அருகிலுள்ள மோன்ரூஜ் என்னும் ஊரில் பிறந்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவருடைய பள்ளிப் படிப்புத் தடைப்பட்டது. வீட்டிலிருந்தே நூல்களைப் படித்தார். பல்சாக் என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் நாவல் ஒன்றில் வரும் கிராமத்து வைத்தியரின் தொண்டு அவரது இளம் மனதைத் தொட்டது. தாமும் அப்படி ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்கும் நாட்டுப்புற வைத்தியராக வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

மருத்துவம் படித்து முடித்ததும் அவரது வழி வேறு திசையில் திரும்பியது. குழந்தை மருத்துவப் பேராசிரியர் ரேமோன் தூர்ப்பேன் அவரைத் தம்மிடம் சேர்த்துக்கொண்டார். தூர்ப்பேனின் வைத்தியசாலைப் பிரிவுக்கு டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். வைத்திய உலகம் அக்காலத்தில் அவர்களைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. குணப்படுத்த முடியாதவர்களுக்காக நேரத்தை வீணாக்குவானேன் என்பதே பலருடைய எண்ணம். இளைஞர் லெஜூன் அப்பிள்ளைகள் மீதே தம் கவனத்தைச் செலுத்தினார். 1952இல் அவர் டென்மார்க் நாட்டைச் சேர்ந்த பிர்த் என்ற பெண்மணியைத் திருமணம் செய்தார். அவர்களுக்கு ஐந்து பிள்ளைகள்.

உள்ளங்கை சொன்ன செய்தி

நம் பக்கத்தில் கைரேகை பார்ப்பவர்கள் எதிர்காலம் சொல்வதாகக் கூறிப் பணம் வாங்குவதுண்டு. லெஜூனும் கைரேகை பார்த்தார். ஆனால் அவர் தேடியது கடந்த காலத்தை. கையிலுள்ள கோடுகள் தாயின் வயிற்றில், கரு வளரத் தொடங்கிய முதல் மாதங்களிலேயே அமைந்துவிடுகின்றன. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகள் பலரின் உள்ளங்கையில், வழக்கமாக இரண்டாக இருக்கும் குறுக்குக் கோடுகள் ஒன்றாக இணைந்திருப்பதையும் விரல் நுனிகளின் வரிகள் மாறியிருப்பதையும் தூர்ப்பேனும் அவரும் ஆராய்ந்தார்கள்.

இதிலிருந்து ஒரு முடிவு கிடைத்தது. கோளாறு பிரசவத்தின்போது ஏற்பட்டதல்ல. பிறந்த பின் வந்ததுமல்ல. கரு உருவாகும் தொடக்கத்திலேயே ஏதோ நிகழ்ந்திருக்க வேண்டும். நிறமூர்த்தங்களில்தான் காரணம் இருக்கலாம் என்ற ஊகத்தைத் தூர்ப்பேன் 1930களிலேயே வெளியிட்டிருந்தார். ஊகத்தை மெய்ப்பிக்க வழி இல்லாதிருந்தது.

(இங்கே ஒரு எச்சரிக்கை: உள்ளங்கையில் ஒற்றைக் கோடு இருப்பதை மட்டும் வைத்து எந்தப் பிள்ளையையும் பற்றி முடிவு செய்யாதீர்கள். எவ்விதக் குறையுமற்ற பலருக்கும் அக்கோடு உண்டு.)

நாற்பத்தாறும் நாற்பத்தேழும்

நிறமூர்த்தம் என்றால் என்ன? நம் உடல் கோடானுகோடி கலங்களால் ஆனது. ஒவ்வொரு கலத்தின் கருவினுள்ளும் நூலிழை போன்ற பொருட்கள் சோடி சோடியாக இருக்கின்றன. தாயிடமிருந்து 23, தகப்பனிடமிருந்து 23, ஆக 46. கண்ணின் நிறம், உடலின் உயரம், இதயத்தின் அமைப்பு எல்லாவற்றுக்குமான கட்டளைகள் இவற்றிலேயே அடங்கியுள்ளன.

நீண்ட காலமாக மனிதருக்கு 48 நிறமூர்த்தங்கள் என்றே பாடநூல்கள் கற்பித்தன. சுவீடனில் ஜோ ஹின் சியோ, அல்பேர்ட் லெவான் என்ற இருவர், சரியான தொகை 46 என்று 1956இல் வெளியிட்டார்கள். சரியான தொகை தெரிந்த பிறகுதான், கூடியதா குறைந்ததா என்று பார்க்க முடியும். பாரிஸில் தூர்ப்பேனின் பிரிவில் இந்த வேலை தொடங்கியது.

இங்கே மார்த் கோத்தியே என்ற பெண் வைத்தியரை நாம் மறக்கலாகாது. 1925இல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்த இவரும் குழந்தை வைத்தியரே. குழந்தைகளின் இதய நோய்களைக் கற்றவர். புலமைப் பரிசில் பெற்று அமெரிக்காவின் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்துக்குச் சென்றிருந்தபோது, உயிருள்ள கலங்களைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்க்கும் முறையையும் கற்றுக்கொண்டார். பாரிஸுக்குத் திரும்பி, ட்ரூசோ வைத்தியசாலையில் வெறும் அறை ஒன்றில் ஆய்வுகூடம் அமைத்தார். போதிய பணம் இல்லை. பொருட்கள் வாங்கத் தாமே கடன்பட்டார். கலங்களை வளர்க்கத் தேவையான இரத்த நீருக்குத் தம்முடைய இரத்தத்தையே எடுத்தார். வேறு சில பொருட்களைச் சேவலிலிருந்தும் கோழிக் குஞ்சின் கருவிலிருந்தும் பெற்றார்.

1958இல் டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு பிள்ளையின் இழையத்திலிருந்து வளர்த்த கலங்களை நுணுக்குக்காட்டியில் எண்ணியபோது, 46 இருக்க வேண்டிய இடத்தில் 47 இருந்தன. மிகச் சிறிய நிறமூர்த்தம் ஒன்று மேலதிகமாக இருந்தது. 1959ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தில் இச்செய்தி லெஜூன், கோத்தியே, தூர்ப்பேன் ஆகிய மூவரின் பெயரில் சமர்ப்பிக்கப்பட்டது. 21ஆம் நிறமூர்த்தம் இரண்டாக இருப்பதற்குப் பதில் மூன்றாக இருப்பதே டவுன் சிண்ட்ரோமின் காரணம் என்பது உறுதியாயிற்று. அறிவு வளர்ச்சிக் குறைவு ஒன்றுக்கு நிறமூர்த்தம் காரணமென்று காட்டப்பட்டது அதுவே முதல் முறை.

மருதமுனையில் தறி நெய்வதைப் பார்த்திருப்பீர்கள். பாவில் ஒரு நூல் மேலதிகமாகச் சேர்ந்துவிட்டால் துணி கிழிவதில்லை. அதன் கோலம் மாறுகிறது. இப்பிள்ளைகளின் நிலையும் ஏறக்குறைய அத்தகையதே.

இப்போது அந்தப் பாண்டிருப்புத் தாயின் கேள்விக்கு வருவோம். பெரும்பாலும் தாயின் சூல் உருவாகும் வேளையில், சில வேளை தகப்பனின் விந்து உருவாகும் வேளையில், சோடி பிரியாமல் இரண்டும் சேர்ந்தே போய்விடுவதால் இது நிகழ்கிறது. கிரகணத்தில் வெளியே போனதால் அன்று. சாபத்தாலும் அன்று. தாய் உண்ட உணவாலோ பட்ட பயத்தாலோ அன்று. தாயின் வயது கூடக் கூட வாய்ப்பும் கூடுகிறது: இருபது வயதில் ஏறக்குறைய 1,500 பிறப்புகளில் ஒன்று; முப்பத்தைந்தில் ஏறக்குறைய 350இல் ஒன்று; நாற்பதில் ஏறக்குறைய நூற்றில் ஒன்று. ஆயினும் இளம் தாய்மாரே அதிக பிள்ளைகளைப் பெறுவதால் அவர்களுக்கும் இப்பிள்ளைகள் பிறக்கிறார்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், வெள்ளையர் என்ற வேறுபாடு இதில் இல்லை. பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட சீடர்கள், இது யார் செய்த பாவம் என்று கேட்டபோது, ஆண்டவர் அவனையும் குற்றம் சாட்டவில்லை, அவனைப் பெற்றவர்களையும் குற்றம் சாட்டவில்லை. அருளப்பர் நற்செய்தி 9ஆம் அதிகாரத்தை வீட்டில் ஒருமுறை வாசியுங்கள்.

உண்மைக்கு உரிய மரியாதை

இந்த வரலாற்றில் மறைக்கக் கூடாத ஒரு பகுதியும் உண்டு. கோத்தியேயின் ஆய்வுகூடத்தில் புகைப்படம் எடுக்க வசதி இருக்கவில்லை. லெஜூன் அந்தக் கண்ணாடித் தகடுகளைப் படமெடுக்கக் கொண்டுசென்றார். பிறகு வெளியான கட்டுரையில் லெஜூனின் பெயர் முதலில் நின்றது. கோத்தியேயின் பெயர் இரண்டாவதாக, எழுத்துப் பிழையோடு அச்சாகியிருந்தது. புகழ் முழுவதும் லெஜூனுக்கே சென்றது. கோத்தியே இதய நோயாளரான சிறுவர்களைப் பராமரிக்கத் திரும்பினார். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகே, 2009இல், நடந்ததைத் தம் பார்வையில் எழுதினார். பிரான்சின் தேசிய மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் ஒழுக்கவியல் குழு 2014இல் இதனை ஆராய்ந்து, கண்டுபிடிப்பின் தொடக்கத்தில் லெஜூனின் பங்கு முதன்மையானதாக இருந்திருக்க வாய்ப்புக் குறைவு என்று கருத்துத் தெரிவித்தது. லெஜூனின் பெயரால் இயங்கும் நிறுவனம் இதனை ஏற்கவில்லை. கோத்தியே 2022இல் தமது 96ஆம் வயதில் காலமானார்.

கத்தோலிக்கப் பத்திரிகை இதை ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். நாம் மதிக்கும் ஒருவரைப் புகழ்வதற்காக மற்றொருவரின் உழைப்பை மறைப்பது நீதியாகாது. கலங்களை வளர்த்துக் காட்டியவர் கோத்தியே. அந்தக் கேள்வியை முதலில் எழுப்பியவர் தூர்ப்பேன். அந்தக் கண்டுபிடிப்பைத் தோளில் சுமந்து, வாழ்நாள் முழுவதும் அப்பிள்ளைகளுக்காகப் பேசியவர் லெஜூன். மூவருக்கும் நன்றி சொல்வோம்.

பிள்ளைகளின் பக்கத்தில் நின்றவர்

1962இல் அமெரிக்க ஜனாதிபதி ஜோன் கென்னடி அவருக்குக் கென்னடி நிறுவனத்தின் பரிசை வழங்கினார். கென்னடியின் சகோதரி ஒருவரும் அறிவு வளர்ச்சிக் குறைவு உள்ளவரே. 1963இல், ஐந்தாம் நிறமூர்த்தத்தின் ஒரு துண்டு குறைவதால் வரும் வேறொரு நிலையை லெஜூனும் அவருடைய துணைவர்களும் விளக்கினார்கள். அப்பிள்ளைகளின் அழுகை பூனைக் குட்டியின் குரல் போல் இருப்பதால் பிரெஞ்சு மொழியில் அதற்கு அப்படியே பெயர் வந்தது. 1964இல் பாரிஸ் மருத்துவ பீடத்தின் பிறப்புரிமையியல் பேராசிரியரானார்.

பழைய இனப் பெயரைக் கைவிட வேண்டுமென்று 1961இல் ஒரு மருத்துவ வார இதழுக்கு எழுதிய விஞ்ஞானிகளுள் லெஜூனும் தூர்ப்பேனும் இருந்தார்கள். 1965இல் மொங்கோலிய நாட்டின் வேண்டுகோளின் பேரில் உலக சுகாதார நிறுவனம் அப்பெயரைக் கைவிட்டது.

பட்டங்கள் வந்த பின்னும் அவர் நோயாளரை விட்டு விலகவில்லை. பாரிஸில் உள்ள நெக்கர் சிறுவர் வைத்தியசாலையில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பார்த்தார். பெற்றோரிடம் அவர் முதலில் சொன்னது, இது உங்கள் குற்றமல்ல என்பதே. பிள்ளையைப் பெயர் சொல்லி அழைத்தே பேசுவார்.

ஆனால் அவருடைய கண்டுபிடிப்பே அவருக்குப் பெரும் வேதனையாக மாறியது. தாயின் வயிற்றில் இருக்கும்போதே நிறமூர்த்தங்களை எண்ணும் வழி பிறந்ததும், 47 எண்ணப்பட்ட பிள்ளைகளைப் பிறக்க விடாமல் அழிக்கும் வழக்கம் பல நாடுகளில் பரவியது. குணப்படுத்துவதற்காகத் தேடிய அறிவு கொல்வதற்குப் பயன்படுவதை அவரால் பொறுக்க முடியவில்லை. 1969இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் உயர்ந்த விஞ்ஞானப் பரிசொன்றைப் பெற்ற அதே மேடையில், கூடியிருந்த விஞ்ஞானிகளுக்கு முன்னே இதனை எதிர்த்துப் பேசினார். அதன் பின் நண்பர்கள் பலர் விலகினார்கள். ஆய்வுக்கான நிதி குறைந்தது. தாய்நாட்டிலேயே அவருக்கு எதிராகக் கூச்சலிட்டார்கள். அவர் பின்வாங்கவில்லை.

1974இல் பாப்பரசரின் விஞ்ஞானக் கழகத்தில் உறுப்பினரானார். 1994இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் புதிதாக ஏற்படுத்திய உயிர் காப்புக் கழகத்துக்கு அவரையே முதல் தலைவராக நியமித்தார். அப்போது அவர் புற்றுநோயால் படுத்த படுக்கையில் இருந்தார். அதே ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள், உயிர்ப்புத் திருநாள் காலையில் இறைவனடி சேர்ந்தார். அவர் தேடிய மருந்து கிடைக்காமலே கண்மூடினார். பாப்பரசர் 1997இல் பிரான்சுக்குச் சென்றபோது தம் நண்பரின் கல்லறையில் செபித்தார். 2021 சனவரி 21ஆம் நாள் பாப்பரசர் பிரான்சிஸ், லெஜூனின் வீரத்துவமான புண்ணியங்களை அங்கீகரித்து அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தார்.

நம் வீட்டில் செய்ய வேண்டியவை

மேலதிக நிறமூர்த்தத்தை நீக்கும் மருந்து இன்றும் இல்லை. ஆனால் செய்யக்கூடியவை ஏராளம். அமெரிக்காவில் 1983இல் இப்பிள்ளைகளின் சராசரி ஆயுள் ஏறக்குறைய 25 வயது. இன்று வசதியுள்ள நாடுகளில் ஏறக்குறைய 60. இந்த மாற்றத்தைத் தந்தது ஒழுங்கான வைத்தியமும் குடும்பத்தின் பராமரிப்புமே.

ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயத்தில் குறை இருக்கும். வெளியே தெரியாவிட்டாலும், பிறந்த சில வாரங்களுக்குள் இதய ஸ்கேன் செய்விப்பது அவசியம். பலவற்றைச் சத்திரசிகிச்சையால் சீர்செய்யலாம். தைரொயிட் சுரப்பியை இரத்தப் பரிசோதனையால் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். காதும் கண்ணும் சோதிக்கப்பட வேண்டும். சரியாகக் கேளாத பிள்ளையை மந்தமானவன் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். தசை தளர்ந்திருப்பதால் குழந்தை மெதுவாகவே பால் குடிக்கும். பொறுமையோடு தாய்ப்பாலைத் தொடர்ந்து கொடுங்கள். தடுப்பூசிகளைத் தவறவிடாதீர்கள். கைகால் பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் முதல் ஆண்டிலேயே தொடங்கினால் பயன் அதிகம். அடுத்த பிள்ளையைப் பற்றி அச்சமிருந்தால் நிறமூர்த்தப் பரிசோதனை பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். சிறு தொகையினருக்கு மட்டும் இது பரம்பரையாக வரக்கூடும்.

இவற்றுக்கு முதற்படி உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் சொல்வதுதான். அவர் கிளினிக்குக்கு வழிகாட்டுவார். அங்கிருந்து கல்முனையிலோ மட்டக்களப்பிலோ உள்ள குழந்தை வைத்திய நிபுணரிடம் அனுப்புவார்கள். பிள்ளையை மறைத்து வைத்தால் இந்த வாசல்கள் எல்லாம் அடைபட்டுவிடும்.

பங்கு மக்களுக்கும் ஒரு வார்த்தை. பூசை வேளையில் இப்பிள்ளை சத்தமிட்டால் திரும்பிப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். திருவப்பம் சாதாரண அப்பத்தினின்றும் வேறானது என்று தன்னளவில் உணர்ந்து, பக்தியோடு வாங்கக்கூடிய பிள்ளைக்கு முதல் நன்மை மறுக்கப்படலாகாது. மறைக்கல்வி ஆசிரியர்கள் சற்றுக் கூடுதலாகப் பொறுமை காட்டட்டும்.

அந்த வீட்டுக்கு மீண்டும் ஒருமுறை சென்றேன். மேலே எழுதியவற்றைத் தாய்க்கும் மாமிக்கும் எளிய சொற்களில் சொன்னேன். மாமி நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு எழுந்து போய் உள்ளறைக் கதவைத் திறந்து, "வா மனே, சுவாமி வந்திருக்கார்" என்றார். சிறுவன் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். அவனுடைய உள்ளங்கையை விரித்துப் பார்த்தேன். ஒரே ஒரு கோடு ஓடியது.

அடுத்த மாதம் அவனைக் கிளினிக்குக்குக் கூட்டிச் சென்றார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது முன்வரிசையில் தகப்பனின் மடியில் இருக்கிறான்.

குடும்பமாகச் சிந்திக்க:

1. நம் ஒழுங்கையில், நம் உறவுக்குள் மறைத்து வைக்கப்பட்ட பிள்ளை யாரும் உண்டா? அந்த வீட்டுக்கு நாம் கடைசியாகப் போனது எப்போது?

2. பிறர் உழைப்பில் வந்த புகழை நாம் எடுத்துக்கொண்ட சந்தர்ப்பம் உண்டா? அதைச் சீர்செய்வது எப்படி?

3. மார்ச் 21ஆம் நாள் உலக டவுன் சிண்ட்ரோம் தினம். மூன்றாம் மாதமும் இருபத்தோராம் திகதியும் அந்த மூன்று 21ஆம் நிறமூர்த்தங்களைக் குறிக்கின்றன. அன்று நம் பங்கில் என்ன செய்யலாம்?